கணக்கை முடித்தால் பாக்கியைக் கொடுக்க வேண்டாமா?

ஒரு சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்தால் எது போக வேண்டும்? சாஃப்ட்வேர் போக வேண்டும். அதை வைத்து நான் செய்து வைத்தவை ஏன் கூடவே போக வேண்டும்? இத்தனை வருடம் கழித்தும் இதற்கு எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை என்பதுதான் என் கோபம்.

"பாங்க்காரருக்கு எதுக்கு சார் இந்த வம்பு?" என்று கம்ப்யூட்டர் பசங்க கேட்கிறார்கள். பாங்க்காரன் என்பதால்தான் கேட்கிறேன். அடுத்தவர் பொருளைக் காப்பதுதானே எங்கள் பிழைப்பு? ஏழு வருடம் திறக்காத லாக்கர், ஆளையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் உடைக்கலாம் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2021 விதி. அதற்கும் நோட்டீஸ் வேண்டும், அதிகாரி வேண்டும், இரண்டு வெளிச் சாட்சிகள் வேண்டும், உள்ளே இருந்ததற்குப் பட்டியல் வேண்டும். பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அதன் பிறகும் உரியவர் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

அன்இன்ஸ்டாலர் என்ன செய்கிறது? "இதையும் இதைச் சேர்ந்த எல்லாவற்றையும் நீக்கவா?" என்று ஒரு கேள்வி. ஆமாம், இல்லை என்று இரண்டு பட்டன். 'சேர்ந்த எல்லாம்' என்றால் எதெது? பட்டியலும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

1998-ல் பன்ஜி கம்பெனியின் 'மித் 2' விளையாட்டு வந்தது. அதன் அன்இன்ஸ்டாலர், தான் போட்ட ஃபைல்களை மட்டும் எடுக்காமல், விளையாட்டு இருந்த ஃபோல்டரையே துடைத்துவிடும். டிரைவின் முதல் மட்டத்திலேயே இன்ஸ்டால் செய்திருந்தால் டிரைவே காலி! விஷயம் தெரிந்ததும் நஷ்டத்தைப் பார்க்காமல் டிஸ்க்குகளைத் திரும்பப் பெற்றார்கள். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று, பழைய ஃபோல்டர் வெறும் மிச்சம்தானே என்று எண்ணி, சிலருடைய டாக்குமெண்ட்டுகளை அழித்தது. சில நாட்களில் நிறுத்தி, நவம்பரில் திருத்தி வெளியிட்டார்கள். அது அன்இன்ஸ்டால் இல்லை, அப்டேட். ஆனால் புத்தி ஒன்றுதான்.

சரியான வழி தெரியாமல் இல்லை. இன்னோ செட்டப் என்ற இலவசக் கருவி, தான் வைத்ததை மட்டுமே திரும்ப எடுக்கும். ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் மொத்தமாக அழிக்க ஆசைப்படாதீர்கள் என்று அதன் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. ஐபோனில் 2017 முதல், ஆப்பை மட்டும் இறக்கிவிட்டு அதன் டேட்டாவை வைத்துக்கொள்ளத் தனி வழி இருக்கிறது. மனம்தான் வேண்டும்.

நம்மைப் போல மூன்று வருடத்துக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர் வாங்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு ஊர் மாறும்போதும் அட்டைப்பெட்டிகள் குறைகின்றன. ஆல்பமும் கடிதமும் கம்ப்யூட்டருக்குள் போகின்றன. போபாலில் பக்கத்து ஃபிளாட்டுக்காரர், ஊரில் பாட்டி பாடிய தாலாட்டைக் கேசட்டிலிருந்து மாற்றி வைத்திருந்தார். மாற்றிக் கொடுத்த சாஃப்ட்வேர் பாட்டைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே சேமித்திருந்தது. அதை அன்இன்ஸ்டால் செய்தார், பாட்டும் போயிற்று. பூஞ்சை பிடித்த கேசட்டை அதற்கு முன்பே தூக்கிப் போட்டாயிற்று. பாட்டியும் இல்லை.

"பேக்கப் எடுக்காதது அவர் தப்பு" என்பார்கள். எடுப்பது நல்லதுதான். அதற்காக, லாக்கரில் வைத்த நகைக்கு நகல் செய்து வைக்கவில்லையே என்று கஸ்டமரிடம் நான் சொல்ல முடியுமா?

"மிச்சம் வைத்தால் குப்பை, கம்ப்யூட்டரை விற்றால் அந்தரங்கம் வெளியே போகும்" என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அப்படியானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்:

1. நீங்கள் வைத்ததை, தற்காலிக ஃபைல்கள் உட்பட, நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.
2. நான் உண்டாக்கியதை, நான் தனியாகச் சொன்னால் தவிரத் தொடாதீர்கள்.
3. அழிக்கும் முன் எத்தனை ஃபைல், எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.
4. முதல் நாளிலிருந்தே என் ஃபைல்களை உங்கள் ஃபோல்டருக்குள் வைக்காமல் என் ஃபோல்டரில் வையுங்கள்.

பெட்டிக்கடை கணக்கானாலும் பாக்கித் தொகையை எண்ணிக் கொடுத்த பிறகுதான் பாஸ்புக்கில் 'முடிக்கப்பட்டது' என்று எழுதுவோம். கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் சாஃப்ட்வேர் கம்பெனிகள் அதைக்கூடச் செய்யக்கூடாதா?