சூதாட்டப் பட்டணத்தில் யாருக்குச் சிலை?

அமெரிக்கா தேசத்தில் நெவாடா என்னும் மாகாணத்திலே லாஸ் வேகாஸ் என்று ஒரு பட்டணம் இருக்கிறது. நாற்புறமும் பாலைவனம். நடுவிலே இரவு பகல் தெரியாமல் எரியும் விளக்குகளும், மாளிகை போன்ற ஓட்டல்களும், ஓட்டலுக்குள்ளே சூதாட்ட மண்டபங்களும். ரயில்வே கம்பெனியார் 1905ம் வருஷம் மே மாதத்தில் மனைகளை ஏலம் போட்டு உண்டாக்கிய ஊர் அது. 1931ல் அந்த மாகாண சர்க்கார் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிற்று. அது முதல் உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் பணப்பையோடு போகிறார்கள். பலர் பையோடு மாத்திரம் திரும்புகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரிலே ஞாபகச் சின்னம் எழுப்புவதானால் எந்தச் சரித்திர மனிதருக்கு எழுப்புவது நியாயம் என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம். “எங்கோ இருக்கும் ஊரின் சிலையைப் பற்றி நமக்கென்ன கவலை?” என்று சிலர் கேட்கலாம். தோழர்களே! சிலை என்பது வெறும் கல்லும் வெண்கலமும் அல்ல. “இவனைப் போல் ஆகு” என்று நடுத்தெருவில் நின்று பிள்ளைகளுக்குச் செய்யும் உபதேசமே சிலையாகும். அந்த உபதேசம் யோக்கியமானதா அல்லவா என்று கேட்க எந்த நாட்டு மனிதனுக்கும் உரிமையுண்டு.

முதலாவது, அந்த ஊரின் பேரைச் சொன்னதும் பலர் வாயில் வருகிற பேர் பக்ஸி சீகல் என்பவனுடையது. கொலைக்கும் கொள்ளைக்கும் பேர்போன கூட்டத்தைச் சேர்ந்தவன். 1946ம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி பிளமிங்கோ என்னும் ஓட்டலைத் திறந்தான்; ஆறு மாதத்திற்குள், 1947 ஜூன் 20ந் தேதி, சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த ஓட்டல் தோட்டத்தில் அவனுக்கு ஒரு ஞாபகக் கல் வைத்திருக்கிறார்கள். பாலைவனத்தில் ஒன்றுமில்லாதிருக்க, இவன் ஒருவன் கனவு கண்டு பட்டணத்தைப் படைத்தான் என்று கதையும் கட்டி, 1991ல் சினிமாவும் எடுத்தார்கள்.

வாஸ்தவம் என்ன? அந்தப் பெரிய வீதியிலே 1941லேயே எல் ராஞ்சோ வேகாஸ் என்ற ஓட்டலும், 1942லே லாஸ்ட் பிராண்டியர் என்ற ஓட்டலும் திறந்தாகிவிட்டது. பிளமிங்கோவுக்கு யோசனை செய்து வேலை தொடங்கியவரும் சீகல் அல்ல. வில்கர்சன் என்ற பத்திரிகை முதலாளி. பணமில்லாமல் அவர் தவித்தபோது உள்ளே புகுந்து பிடுங்கிக்கொண்டவன்தான் சீகல். செத்து நூறு வருஷங்கூட ஆகாத ஒருவனைப் பற்றியே, தஸ்தாவேஜுகள் கையில் இருக்கும்போதே, இவ்வளவு பெரிய புராணம் உண்டாகிவிடுமானால், ஆயிரக்கணக்கான வருஷத்துப் புராணங்களின் யோக்கியதையை நீங்களே எடைபோட்டுக் கொள்ளுங்கள்!

சீகலோடு நிற்கவில்லை. பென்னி பினியன் என்பவன் டெக்ஸாஸிலே சூதாட்டக் கூடம் நடத்தி, கொலைக் குற்றத்தில் தண்டனையடைந்து, பிறகு லாஸ் வேகாஸ் வந்து பெரிய முதலாளியாகி, வருமான வரி ஏய்ப்புக்காகச் சிறைக்கும் போய் வந்தவன். அவனுக்குக் குதிரை மேலமர்ந்த வெண்கலச் சிலை! மக்காரன் என்ற செனட்டர், யூதர்களிடத்தில் துவேஷம் உடையவர் என்று பேர் வாங்கியவர். பல்லாண்டு காலம் அந்த ஊர் விமான நிலையம் அவர் பேரைத் தாங்கி நின்றது. 2021ம் வருஷத்தில்தான் அந்தப் பேரை எடுத்துவிட்டு ஹாரி ரீட் என்ற இன்னொரு செனட்டரின் பேரை வைத்தார்கள். ஆகவே, ஒருகாலத்து மரியாதையைப் பின்னொரு காலத்தார் யோசித்து மாற்றக் கூடும் என்பதற்கு அந்த ஊரே அத்தாட்சி.

சரி, அங்கே உண்மையாய் அரசாளுவது யார்? அதிர்ஷ்டம் என்னும் தெய்வம். சீசர்ஸ் பேலஸ் என்ற ஓட்டலின் வாசலிலே 1984 முதல் நான்முகப் பிரம்மாவுக்கு ஒரு சன்னிதி இருக்கிறது. தாய்லாந்திலிருந்து வந்தது. அதிர்ஷ்டம் வேண்டுகிறவர்கள் ஊதுவத்தியும் பூவும் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஆடப் போகிறார்கள். நம் நாட்டில் பிரம்மாவுக்குக் கோவில் அபூர்வம் என்பார்கள். சூதாட்டக் கூடத்தில் அவருக்குக் குறைவில்லை போலும்!

பிரம்மா தலையில் எழுதுவது இருக்கட்டும். சக்கரத்தில் எழுதியிருப்பதைப் பார்ப்போம். ரூலெட் என்னும் அந்தச் சக்கரத்தில் அமெரிக்க முறைப்படி 38 குழிகள். ஒரு குழிக்கு ஒரு ரூபாய் வீதம் எல்லாக் குழிக்கும் 38 ரூபாய் கட்டினால், விழுந்த குழிக்குக் கட்டின ரூபாயும் அதற்குமேல் 35 ரூபாயும், ஆக 36 ரூபாய்தான் கைக்கு வரும். 2 ரூபாய் முதலாளிக்கு. எத்தனை கோடி தரம் சுற்றினாலும் கணக்கு இதுதான். கும்பிட்டவன் யார், கும்பிடாதவன் யார் என்று சக்கரத்திற்குத் தெரியாது. இந்தக் கணக்குதான் அந்த மாளிகைகளைக் கட்டிற்று.

கணக்கு பணத்தைக் கொடுத்தது. கைகளைக் கொடுத்தவர்கள் யார்? ஊரிலிருந்து சுமார் 30 மைலில், கொலராடோ நதியிலே, 1931க்கும் 1935க்கும் இடையில் ஹூவர் அணை கட்டப்பட்டது. அந்த முதல் கோடையிலே நிழலிலேயே 120 டிகிரி பாரன்ஹீட்டுக்கு அருகே வெயில். வெப்பத்தாலேயே பலர் மாண்டார்கள். சுரங்கத்திலே மோட்டார் புகையில் மூச்சு முட்டிச் செத்தவர்களை நிமோனியா என்று எழுதினார்கள் என்று தொழிலாளிகள் குற்றஞ்சாட்டினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வழக்கும் தொடுத்தார்கள். சர்க்கார் கணக்குப்படியே வேலையில் இறந்தவர்கள் 96 பேர். கூலியைக் குறைத்தபோது 1931 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள், கம்பெனி இணங்கவில்லை. ஒரு சமயத்தில் 5000 பேருக்கு மேல் வேலை செய்த அந்த இடத்திலே கறுப்பு மக்கள் சில பத்துப் பேருக்கு மேல் இல்லை. அவர்களுக்கும் குடிதண்ணீர் வாளி தனி! குடியிருப்பிலே வீடு கிடையாது! தண்ணீருக்குத் தீட்டுக் கற்பிக்கும் வித்தை நம் நாட்டாருக்கு மாத்திரம் சொந்தம் என்று நினைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓட்டல்களில் நடந்தது இதைவிடக் கேவலம். கறுப்புப் பாட்டுக்காரர் மேடையில் பாடலாம், வெள்ளைக்காரர் கைதட்டலாம், ஆனால் பாட்டு முடிந்ததும் அதே ஓட்டலில் படுக்கவோ, சாப்பிடவோ கூடாது. ஊரின் மேற்குப் பகுதிக்குப் போய்த் தங்க வேண்டும். 1955 மே மாதத்தில் இரு நிறத்தாரும் கலந்து உட்காரும்படி மூலின் ரூஜ் என்ற ஓட்டல் திறக்கப்பட்டு, சில மாதங்களிலேயே மூடப்பட்டது.

அதே வருஷத்தில் ஜேம்ஸ் மக்மில்லன் என்ற பல் வைத்தியர் அங்கே வந்து சேர்ந்தார். கறுப்பர். 1960 மார்ச்சில், இந்த இழிவு நீங்காவிட்டால் பெரிய வீதியில் ஊர்வலமும் மறியலும் நடக்கும் என்று மேயருக்கு எழுதி, நாளும் குறித்தார். கொன்றுவிடுவதாக மிரட்டல் வந்தது. அவர் பின்வாங்கவில்லை. மார்ச் 26ந் தேதி, மூடிக்கிடந்த அதே மூலின் ரூஜில் பேசி முடித்து, பெரிய வீதி ஓட்டல்கள் கதவைத் திறக்க ஒப்புக்கொண்டன. முதலாளிகளுக்கு மனச்சாட்சி பிறந்ததா? இல்லை, மறியல் நடந்தால் வியாபாரம் கெடும் என்ற பயம் பிறந்தது. தெய்வத்தை வேண்டிக் கிடைக்காதது, தேதி குறித்து எழுதிய ஒரு கடிதத்தால் கிடைத்தது.

“சூதாட்ட மண்டபத்திற்குள் நுழைவதும் ஓர் உரிமையா? அதற்கும் ஒரு சிலையா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சூதாடாமலிருப்பது ஒருவனுடைய புத்தி. ஆனால், உன் பிறப்பினால் நீ வாசலில் நில் என்று இன்னொருவன் சொல்வது மனிதத்தன்மைக்கு இழிவு. அந்த இழிவு ஒழிந்த பிறகுதான் போவதா, போகாமலிருப்பதா என்று யோசிக்கும் சுதந்திரமே பிறக்கிறது. கோவிலில் நம்பிக்கையில்லாதவர்கள் கோவில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924ல் வைக்கத்தில் சிறை சென்றதும் இந்த நியாயத்தினாலேயே.

கதவு திறந்தது, வயிறு நிறைந்ததா? ஏழைத் தாய்மாருக்குக் கொடுத்துவந்த உதவிப் பணத்தை மாகாண சர்க்கார் வெட்டியபோது, 1971 மார்ச் 6ந் தேதி ரூபி டங்கன் முதலிய தாய்மார்கள் ஆயிரக்கணக்கானவரோடு பெரிய வீதியில் நடந்து சீசர்ஸ் பேலஸுக்குள்ளேயே புகுந்தார்கள். ஆட்டம் நின்றது. பின்னர் கோர்ட்டாரின் உத்தரவால் உதவி திரும்பக் கிடைத்தது. பதின்மூன்று வருஷங்கழித்துப் பிரம்மாவுக்குச் சன்னிதி வைத்ததும் அதே ஓட்டலின் வாசலில்தான்! அங்கே யாருக்குக் கல் நட வேண்டும், சொல்லுங்கள்.

ஹாட்டி கான்டி என்ற அம்மையார் பத்துப் பிள்ளைகளின் தாய். கணவரை இழந்தபின் ஓட்டல் அறைகளைக் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தவர். 1990ல் சமையல், பரிமாறல், துப்புரவுத் தொழிலாளிகளின் சங்கத்திற்குத் தலைவரானார். அவர் காலத்தில், பிராண்டியர் என்ற ஓட்டலில் 550 பேர் 1991 செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கி, 1998 ஜனவரி வரை ஆறு வருஷத்திற்கு மேல் வாசலில் நின்றார்கள். ஒருவர்கூடக் கட்டுப்பாட்டை மீறி உள்ளே போகவில்லை. கடைசியில் ஓட்டல் கைமாறி, வென்று வேலைக்குத் திரும்பினார்கள்.

இவர்களில் சிலர் பேரைப் பள்ளிக்கூடங்களுக்கு வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பள்ளிக்கூடம் பார்க்க வருவதில்லை. ஆதலால் அவர்கள் நடக்கும் பெரிய வீதியிலேயே, அணைத் தொழிலாளிகளுக்கும், மக்மில்லனுக்கும், தாய்மாருக்கும், கூட்டிப் பெருக்கிய அம்மையாருக்கும் சின்னங்கள் நிற்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அவற்றுக்கு மாலை வேண்டாம், ஊதுவத்தி வேண்டாம். கும்பிட ஆரம்பித்தால் இவர்களையும் தெய்வமாக்கி, இவர்கள் செய்த காரியத்தை மறந்துவிடுவோம். பீடத்தில் அவர்கள் செய்ததையும், அதற்குக் கொடுத்த விலையையும் எழுதினால் போதும். பக்கத்தில் அந்த 38க்கு 36 என்ற கணக்கையும் வெட்டி வைத்தால், உள்ளே போகிறவன் ஒரு நிமிஷமாவது நின்று யோசிப்பான்.

உங்கள் ஊர்த் தெருவிலும் சிலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் முன்னும் நின்று, “இவர் யாருக்குக் கதவைத் திறந்தார்? யாருக்கு அடைத்தார்?” என்று கேட்டுப் பாருங்கள்.