ஸ்பா ரெய்டில் ‘மீட்கப்படும்’ பெண்கள் எங்கே போகிறார்கள்? சட்டம் சொல்வது என்ன?

‘ஸ்பா பெயரில் விபசாரம்; புரோக்கர் கைது, பெண்கள் மீட்பு’. தாம்பரம், சேலையூர், பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தலைப்பு புதுசு இல்லை. அன்றைக்கே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் விவாதமும் ஆரம்பித்துவிடும். ‘பேசாம சட்டபூர்வமாக்கிடலாம்’ என்பார் ஒருவர். ‘அப்புறம் நம்ம ஏரியா என்னத்துக்கு ஆகும்?’ என்பார் இன்னொருவர்.

சரி, இப்போது இருக்கிற சட்டம் என்ன சொல்கிறது? முதலில் அதைப் பார்ப்போம்.

எது குற்றம், எது இல்லை?

18 வயது நிரம்பிய ஒருவர், யாருடைய கட்டாயமும் இல்லாமல், தனியாக இதில் ஈடுபடுவதை 1956-ம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால், அதைச் சுற்றியுள்ள கிட்டத்தட்ட எல்லாமே குற்றம்.

விடுதி நடத்துவது, தெரிந்தே வீடு கொடுப்பது, ஆள் பிடித்துத் தருவது ஆகியவற்றுக்குத் தண்டனை உண்டு. இரண்டு பெண்கள் ஒரே அறையைப் பகிர்ந்து சம்பாதித்தாலும் அது ‘விடுதி’தான். கோயில், பள்ளி, மருத்துவமனைக்கு 200 மீட்டருக்குள் கூடாது. தாம்பரத்தில் இது எதுவுமே பக்கத்தில் இல்லாத தெரு எது என்று யோசித்துப் பாருங்கள்! அம்மாவின் வருமானம் எப்படி வருகிறது என்று தெரிந்தே, அதில் வாழும் 18 வயது தாண்டிய மகன்மீதுகூட வழக்குப் போடலாம்.

பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைத்தால், முதல்முறை ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் மூன்று மாதம் வரைதான்!

மீட்புக்குப் பிறகு?

ரெய்டில் சிக்கும் பெண் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படுகிறார். விசாரணைக்குப் பிறகு, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் வைக்க உத்தரவிடலாம். அதாவது, அவர் குற்றவாளி இல்லை. ஆனால் வீட்டுக்கும் போக முடியாது. 2020-ல் இப்படி வைக்கப்பட்ட மூன்று பெண்களை பம்பாய் உயர்நீதிமன்றம் விடுவித்தது. வயது வந்தவர்களுக்கு விரும்பிய இடத்தில் வாழ உரிமை உண்டு என்றது.

2022-ல் சட்டபூர்வமாகிவிட்டதா?

இல்லை. 2022 மே 19 உத்தரவில் உச்ச நீதிமன்றம், தான் அமைத்த குழுவின் பத்துப் பரிந்துரைகளில் ஆறை மட்டுமே அமல்படுத்தச் சொன்னது. விருப்பமில்லாமல் காப்பகத்தில் இருப்பவர்களைக் கணக்கெடுத்து விடுவிப்பது, ஆணுறையை ஆதாரமாகக் காட்டாமல் இருப்பது, மீடியா அடையாளத்தை வெளியிடாமல் இருப்பது ஆகியவை அதில் அடக்கம். ‘ரெய்டில் பெண்களைக் கைது செய்யக் கூடாது’ என்ற பரிந்துரைக்கு மத்திய அரசு தயக்கம் காட்டியதால், அது உத்தரவில் சேரவில்லை.

ஆணுறை விஷயம் சின்னதாகத் தெரியலாம். 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. பாதிப்பு கண்டறியப்பட்டது சென்னையில், காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளில்தான். பின்னாளில் நாட்டின் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றானது நம்ம தாம்பரம் சானடோரியம். போலீஸுக்குப் பயந்து ஆணுறை வைத்துக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும் என்பது இந்த ஊருக்குத் தெரியும்.

இரு தரப்பு வாதம் என்ன?

வறுமை தள்ளிவிட்ட பிறகு சொல்வது சம்மதமே இல்லை, சட்டபூர்வமாக்கினால் புரோக்கர் ‘முதலாளி’ ஆகிவிடுவார் என்கிறது ஒரு தரப்பு. இது லேசாகத் தள்ளக்கூடிய வாதம் இல்லை. அடி வாங்கினாலும் ஸ்டேஷன் படியேற முடியாத பயம்தான் புரோக்கரின் பலமே என்கிறது இன்னொரு தரப்பு.

சுவீடன் 1999 முதல் வாங்குபவரைத் தண்டிக்கிறது. நியூசிலாந்து 2003-ல் இதைக் குற்றப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டது. இரண்டும் நேர் எதிர் பாதைகள். ஆனால் இரண்டு நாடுமே அந்தப் பெண்ணைத் தண்டிப்பதில்லை.

இந்த ஒரு விஷயத்துக்கு நாம் விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ‘மீட்பு’ செய்தி வரும்போது, அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார், போக விருப்பமா என்று அவரிடம் யாராவது கேட்டார்களா என்று பாருங்கள். செய்தியில் அது இல்லை என்றால், அது எங்களைப் போன்ற டெஸ்க்குகளின் தப்பும்தான்.