நிற்கும் இடம் மாறினாலும்

சென்ற ஞாயிறு மாலை, டாலாப் படகுத்துறையிலிருந்து திரும்பும் வழியில், மழைநீர் தேங்கிய திடலில் நம் சிறுவர்கள் பந்தாடக் கண்டோம். அவர்களுள் ஒருவன் மட்டும் கண்கலங்கி நின்றான். முன்பிருந்த ஊரில் முன்னணியில் நின்று கோல் அடித்தவனாம். இங்கே புதியவன் என்பதால் கோல் காக்க நிறுத்திவிட்டார்கள். அருகிலிருந்த அவன் தந்தை, "எங்கள் நிலையும் இதுதானே, ஐயா" என்றார். பேரேடு எழுதிய அவர் கை இன்று துறையில் மூட்டை சுமக்கிறது.

அவ்விருவருக்கும் நாம் பீட்டர் தங்கராஜின் வரலாற்றைச் சொன்னோம். வாசகர்களும் அதனை அறிதல் நன்று.

ஐதராபாத்தில் பிறந்த தங்கராஜ், 1953இல் இந்திய இராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரியிலுள்ள வெலிங்டன் சென்னை ரெஜிமெண்ட் மையத்தின் அணியில் அவர் முதலில் ஆடியது நடு முன்னணியில், பின்னரே கோல்காப்பாளரானார். அந்த அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956இல் மெல்போர்ன், 1960இல் ரோம் என இரு ஒலிம்பிக் விழாக்களில் இந்திய அணியில் இடம்பெற்றார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளர் எனப் போற்றப்பட்டார். 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என வென்று இந்தியா தங்கம் பெற்ற இறுதி ஆட்டத்தில் கோலைக் காத்தவர் அவரே. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று கழகங்களுக்கும் ஆடினார். 1967இல் அர்ச்சுனா விருது அவரை வந்தடைந்தது.

ஆயினும், ஆசிரியத் தொழில் செய்த நாம் பெரிதும் மதிப்பது 1971இல் அவர் ஆட்டத்தினின்று ஓய்வுபெற்ற பின் தொடங்கிய வாழ்வையே. கோவாவின் வாஸ்கோ கழகத்திலும், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும், பொகாரோ உருக்காலையிலும் அவர் பயிற்றுநராகப் பணியாற்றினார். 2008இல் பொகாரோவிலேயே மறைந்தார். ஆடுபவருக்குத் தம் கைகால்களை அறிந்தால் போதும். பயிற்றுநரோ பிறர் அச்சத்தையும் அறிய வேண்டும். ஆடுகளம் முழுவதும் தம் கண்முன் விரியக் காண்பவர் கடைசியில் நிற்கும் கோல்காப்பாளரே. அந்தப் பார்வை பின்னாளில் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்பது நம் எண்ணம்.

இதைச் சொல்வதால் அத்தந்தையின் தோள்வலி குறைந்துவிடாது. குறையும் என்று பொய்யுரைக்கவும் நாம் விரும்பவில்லை. இழந்த தொழிலை ஒரு கதை மீட்டுத் தராது. ஆனால் தொழில் போனாலும் கற்ற கல்வி போய்விடுவதில்லை. "அந்த நாளில் நாங்கள் எப்படியிருந்தோம்" என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு நம் ஏக்கமே சொத்தாகும். அறிந்ததைக் கற்பித்தாலோ, அக்கல்வி அவர்களுடையதாகும்.

சனிக்கிழமை மாலைகளில் நான்கு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தர அத்தந்தை இசைந்திருக்கிறார். தையல், தச்சு, மருத்துவப் பணிவிடை அறிந்தோரும் முன்வரலாம். இடம் நாம் தேடித் தருவோம்.

சிறுவன் மட்டும் இன்னும் சமாதானம் அடையவில்லை. "அவர் எத்தனை கோல் தடுத்தார்?" என்று கேட்டான். எண்ணிக்கை நம்மிடம் இல்லை. "நீ எத்தனை தடுக்கிறாய் என்று எண்ணிச் சொல்" என்றோம். வரும் ஞாயிறு போய்க் கேட்க வேண்டும்.