பூச்சி மாத்திரை பிள்ளைகளுக்கு... கொக்கிப்புழு யாருக்கு?

‘பூச்சி மாத்திரை போட்டாச்சா?’ பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளி, அங்கன்வாடிகளில் கேட்கும் கேள்வி இது. தேசிய குடற்புழு நீக்க முகாமில் 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் தருகிறார்கள். சரி, 45 வயது அப்பாவுக்கு? அவர் இந்தக் கணக்கிலேயே இல்லை.

ஆனால் கிராமங்களில் புழு அதிகம் இருப்பது அவரைப் போன்ற பெரியவர்களிடம்தான்.

வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் 2017 டிசம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை திமிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளில் 6,089 பேரின் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பரிசோதித்தார்கள். 17 சதவீதம் பேருக்குக் குடற்புழு இருந்தது. இந்த மாதிரியில் சிறுவர்களின் பங்கு ஊரில் இருப்பதைவிட அதிகம். அதைச் சரிசெய்ததும் அளவு 21.4 சதவீதமானது. அதாவது, ஐந்தில் ஒருவர்! கிட்டத்தட்ட எல்லாமே கொக்கிப்புழு. பள்ளி செல்லாத சின்னக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் பெரியவர்களுக்குத் தொற்று வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

ஏன் அப்படி? மற்ற புழுக்களைப் போல இது வாய் வழியாக மட்டும் நுழைவதில்லை. திறந்தவெளியில் கழிக்கும் மலத்தில் உள்ள முட்டை, நிழலான ஈர மண்ணில் பொரிந்து ஒரு வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். வெறுங்காலில் தோலைத் துளைத்து ஏறி, ரத்தம், நுரையீரல் என்று சுற்றி, கடைசியில் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். செருப்பு போடலாமே என்பது சுலபம். களை எடுக்கும்போது யார் போடுறாங்க?

தொற்றில் சுமார் 93 சதவீதம் லேசானது என்பது ஆறுதல். ஆனால் ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அந்தக் கொஞ்ச இழப்பும் தாங்காது. லேசான தொற்று ஒற்றைப் பரிசோதனையில் தப்பிவிடுவதும் உண்டு. அதனால் உண்மை அளவு இன்னும் கூடுதலாக இருக்கலாம்.

மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும். மறுபடி தொற்றாமல் தடுக்காது. பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால், பெரியவர்கள் மூலம் முட்டை மண்ணுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இந்தப் பகுதியை 40 தொகுதிகளாகப் பிரித்து, பாதியில் எல்லா வயதினருக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை, மூன்று வருஷம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மீதிப் பாதியில் வழக்கம்போல பிள்ளைகளுக்கு மட்டும்.