குளித்த தண்ணீர் எங்கே போகிறது?



காலையில் பல் துலக்கினீர்கள், குளித்தீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே போனது? "சாக்கடைக்கு" என்பீர்கள். சரி, அதற்கப்புறம்?

பெங்களூருவில் அப்படிப் போன தண்ணீரில் ஒரு பங்கு, பக்கத்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் போகிறது. தங்கச் சுரங்கத்துக்குப் பேர்போன அதே கோலார்தான்! அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. முன்னோர் வெட்டிய ஏரிகள் ஏராளம். மழை பொய்த்தால் அவையும் காய்ந்துவிடும். ஆயிரம் அடிக்குமேல் ஆழ்துளைக் கிணறு தோண்டியும் ஏமாந்த விவசாயிகள் பலர்.

2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பெங்களூருவின் கழிவுநீரைச் சுத்திகரித்து, குழாய் வழியாக இங்கே அனுப்பத் தொடங்கினார்கள். நாள் ஒன்றுக்கு 44 கோடி லிட்டர் அனுப்புவது திட்டம்! ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு வழியும்.

எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் தெரியுமா? முதலில் கம்பி வலையில் குப்பையை வடிகட்டுவார்கள். மண்ணும் கசடும் அடியில் படியும்வரை தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். பிறகு அதில் காற்றை ஊதுவார்கள். காற்று கிடைத்ததும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி, கரைந்திருக்கும் அழுக்கைத் தின்னும். நாம் "சீ!" என்று முகம் சுளிப்பது அவற்றுக்கு விருந்து!

இந்தத் தண்ணீரை நேராக வயலுக்குப் பாய்ச்சுவது திட்டமல்ல. ஏரியில் தேங்கி, மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீராகி, கிணற்றில் ஊற வேண்டும். அதை இறைத்துத்தான் பயிர் செய்ய வேண்டும். கோலார்த் தக்காளி சென்னைக்கும் வருகிறது. உங்கள் வீட்டு ரசத்திலும் இருக்கலாம்.

ஆனால், 2018 ஜூலையில் அந்தத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கியது. மக்கள் பயந்தார்கள். நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தி வைத்து, பின்னர் அனுமதித்தது. இரண்டு கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்பது கோலார்க்காரர்கள் பலரின் கோரிக்கை. தொழிற்சாலைக் கழிவில் வரும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை நுண்ணுயிர்களால் தின்று தீர்க்க முடியாதே!

அவர்கள் கேட்பது நியாயம்தான். சாக்கடையில் வீணாகும் நீரை வறண்ட நிலத்துக்குத் தருவது நல்ல காரியம். ஆனாலும், விருந்தாளிக்குத் தண்ணீர் தரும்போது சொம்பைக் கழுவித்தானே தருகிறோம்?

உங்கள் ஊர்க் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது? பெரியவர்களிடம் விசாரித்து எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்