மைலேஜ் மட்டும் பார்த்தால் போதுமா?

பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சாச்சு, லைசென்ஸும் வந்தாச்சு. ‘பழகறதுக்குத்தானுங்க, சல்லிசா ஒரு பழைய காரு இருந்தாப் போதும்’ என்று பொள்ளாச்சிப் பக்கம் புரோக்கரைத் தேடிப் போகிறோம். (பதினெட்டு ஆகவில்லையென்றால் பேச்சே வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் பெற்றவர்களையே ஜெயிலுக்கு அனுப்பும்!) அங்கே நாம் கேட்கும் முதல் கேள்வி, ‘லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?’

ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் 500 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 20 தரும் காருக்கும் 17 தரும் காருக்கும் வித்தியாசம் நாலரை லிட்டர்கூட வராது. இதற்காகவா பிள்ளையை ஏர்பேக் இல்லாத வண்டியில் உட்கார வைப்பது? 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800-க்குப் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. இரண்டு ஏர்பேக் உள்ள டியாகோவுக்கு 2020-ல் நான்கு கிடைத்தது. இரண்டுமே சின்னக் கார்தான்.

‘ஊருக்குள்ளதானே ஓட்டப்போறான்’ என்பீர்கள். நாலு சிநேகிதர்கள் சேர்ந்தால் ஆழியாறு தாண்டி, நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறையில் நிற்பான்!

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு மேற்பட்ட வண்டியாகத் தேடுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையா? விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.