மோர்மிளகாயும் மூன்று பக்கக் கட்டுரையும்

‘நம்மவர் பண்டுதொட்டு உண்டுவரும் உணவு’ என்னுந் தலைப்பில் வெள்ளாங்குளத்து மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரையை அண்மையில் திருத்தினேன். மோர்மிளகாயைப் பற்றி மூன்று பக்கம். சங்கப் புலவரும் அதனைக் கடித்துக்கொண்டே கஞ்சி குடித்தனர் என்ற பொருள்பட வரைந்திருந்தாள். நடை நன்று; எழுத்துப் பிழையும் அதிகமில்லை. ஆயினும் புள்ளியிட என் கை எழவில்லை.

சங்கப் புலவர் அறிந்தது மிளகின் உறைப்பு; அதனையே அவர்கள் கறி என்றனர். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பசு அத்திலாந்திக் கடலைக் கடந்த பின்னரே பிற கண்டத்தார் அதனைக் கண்டனர். நம் கரைகளுக்கு அது வந்தது போர்த்துக்கேயரின் கப்பல் வழியே என்பர். மன்னாரை அவர்கள் கைப்பற்றியது 1560இல். மிளகைப்போல் உறைத்த காய்க்கு மிளகாய் எனப் பெயர் சூட்டி, நம்மவர் அதனை அடுக்களைக்குள் அழைத்துக்கொண்டனர். வந்த விருந்தாளியை மூதாதை என்று சொல்லிப் பெருமைப்படுவானேன்? ஒரு பொருளை நம்முடையது என்று சொல்லும் உரிமையை நமக்குத் தருவது அதனைச் செய்யும் கைதான் என்பது என் துணிபு.

அக்கையை நான் என் ஆச்சியிடம் கண்டேன். சோளகம் வீசுங் கோடையிலேதான் அவர் தொடங்குவார். முற்றிய பச்சைமிளகாயைக் காம்பு போகாமற் கழுவித் துடைத்து, நடுவே ஒரு கீறல் இடுவார். (உறைப்பு விதையில் உள்ளதென்றே பலரும் எண்ணுகின்றனர்; விதையைத் தாங்கும் வெண்ணிறத் தசையிலேதான் அது மிகுதி.) புளித்த தயிரை உப்பிட்டுக் கடைந்து, அதில் இரவு முழுவதும் ஊறவிடுவார். காலையில் எடுத்துப் பனையோலைப் பாயிற் பரப்புவார்; மாலையில் மீண்டும் அதே மோருக்குள். மூன்று நான்கு நாளில் மோரெல்லாம் காய்க்குள் ஏறிவிடும். அப்பால் வெயில் மட்டுமே. கையில் அள்ளிக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். அவ்வொலி எழாத மிளகாயைப் பொரித்தால் மொறுமொறுப்பு வராது. உள்ளே நின்ற ஈரம் அதனைத் தோல்போல் இழுபடச் செய்யும். நன்கு காய்ந்ததோ கொதியெண்ணெயிற் கண நேரத்தில் பொங்கிக் கருஞ்சிவப்பாகும். சற்றுத் தாமதித்தால் கரிதான். உப்பு எவ்வளவு என்று கேட்டால், ஆச்சி மோரை விரலால் தொட்டு என் நாவில் வைப்பார்.

2008ஆம் ஆண்டில் போர் இவ்வூரை நெருங்கியபோது மக்கள் கிழக்கே இடம்பெயர்ந்தனர். மாடும் பாயும் சட்டியும் பின்தங்கின. மீளக் குடியேறியபின், மாடில்லாத முற்றத்தில் மோர் ஏது? கடையிற் பையோடு வாங்கிப் பொரித்ததையே உண்டு வளர்ந்த பிள்ளைகள் பலர்; என் மாணவியும் அவர்களுள் ஒருத்தி. வாங்குவதை நான் பழிக்கவில்லை. கூலிக்குச் செல்லுந் தாய்க்கு ஒரு கிழமை வெயில் காத்திருக்க நேரமில்லை. செய்யத் தெரியாத ஒன்றை வாழ்த்தி எழுதப் பிள்ளைகளைப் பழக்குகிறோமே, அதுதான் எனக்கு உறைக்கிறது. தொன்மை, பெருமை என்னுஞ் சொற்களுக்குத் தமிழாசிரியர்களாகிய நாம் தாராளமாகப் புள்ளியிடுகிறோம். எத்தனை நாள் காயவேண்டும் என்னும் ஒரு வரியைத் தேடுவதில்லை.

செய்துபார்த்து எழுதிவா என்று கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் முகஞ் சுருங்கிற்று. இரண்டு கிழமை கழித்து ஒரே ஒரு பக்கம் வந்தது. மூன்றாம் நாள் எதிர்பாராது தூறிய மழையில், அம்மம்மாவும் தானும் பாயைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு ஓடியதில் தொடங்கியிருந்தாள். சங்கப் புலவர் எவரும் அதில் இல்லை.